ஆற்றுத் தண்ணீர் யாருடையது? ஒரு சட்ட வரியின் உலகப் பயணம்

ஆற்றில் ஓடுவது யார் தண்ணீர் என்று ஊர்ப்பக்கம் கேட்டுப் பாருங்கள். ‘கவர்மென்ட் தண்ணி’ என்று யோசிக்காமல் பதில் வரும். ஆறு, ஏரி, வாய்க்கால், மதகு எல்லாம் அரசின் கணக்கில் இருக்கின்றன. மேட்டூர் அணையை என்றைக்குத் திறப்பது, எத்தனை கன அடி விடுவது என்பதையெல்லாம் அரசு அறிவிக்கிறது; அதைப் பார்த்துத்தான் தஞ்சாவூரில் நாற்றங்கால் விடுகிறார்கள். நமக்கு இது பழகிப்போன ஏற்பாடு. ஆனால் வானத்திலிருந்து விழுந்து பள்ளம் பார்த்து ஓடும் ஒன்றை ‘இது அரசுடையது’ என்று சட்டப் புத்தகத்தில் எழுதிவைக்க மனிதர்களுக்கு ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகள் பிடித்தன. அந்த ஒற்றை வரி பாபிலோனில் கருவாகி, ரோமாபுரியில் பேச்சு கற்று, தங்கம் தோண்டியவர்களிடம் அடிபட்டு, மெல்போர்னில் சட்டமாகி, உலகைச் சுற்றியிருக்கிறது. இன்னும் ஓர் இடத்துக்கு மட்டும் அது சரியாக வந்து சேரவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

பாபிலோனில் தொடங்கலாம். கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் ஹம்முராபி கல்லில் வெட்டிவைத்த சட்டங்களில் தண்ணீருக்கு உரிமையாளர் என்று எவரும் இல்லை, கடமையாளர்தான் இருக்கிறார். கரையைப் பலப்படுத்தாமல் ஒருவர் சோம்பியிருந்து, உடைப்பெடுத்துப் பக்கத்து வயல் மூழ்கினால், அழிந்த தானியத்துக்கு அவர் ஈடு தர வேண்டும். தர வழியில்லையென்றால் அவரையும் அவர் உடைமைகளையும் விற்று, பயிரை இழந்தவர்கள் அந்தப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். கடுமையான சட்டம்தான். ஆனாலும் தண்ணீர்ச் சட்டத்தின் முதல் அக்கறை கரையைக் காப்பதில் இருந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ரோமாபுரிக்கு வந்தால் கதை மாறுகிறது. கி.பி. 97-இல் பேரரசர் நெர்வா, செக்ஸ்டஸ் ஜூலியஸ் ஃபிரான்டினஸ் என்பவரை நகரத்தின் நீர் வாரிய அதிகாரியாக நியமித்தார். பிரிட்டனில் ஆளுநராக இருந்த மூத்த படைத்தலைவர் அவர். அன்றைக்கு ரோமாபுரிக்கு ஒன்பது கால்வாய்கள் வழியாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பதவியேற்ற ஃபிரான்டினஸ் முதலில் ஏடுகளைப் பார்த்தார், பிறகு கால்வாய்த் தலைப்புகளுக்கே போய் அளந்தார். இரண்டு கணக்கும் பொருந்தவில்லை. இடையில் நடந்தது திருட்டு. அனுமதித்ததைவிடப் பெரிய குழாய் வைத்திருந்தார்கள். தெருவுக்கடியில் பிரதான குழாயில் துளைபோட்டுக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் விற்றுக்கொண்டிருந்தார்கள். விற்றவர்கள் நீர் வாரியப் பணியாளர்களேதான். அவர் எழுதிய அறிக்கைதான் ஒரு நகரத்தின் குடிநீர் நிர்வாகம் பற்றி நமக்கு முழுதாகக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல். அதுவும் தற்செயலாகக் கிடைத்ததே. 1429-இல் போஜ்ஜோ பிராச்சொலினி என்ற ஏட்டுவேட்டைக்காரர் இத்தாலியின் மோன்டே காஸினோ மடாலயத்தில் அந்தப் பிரதியைக் கண்டெடுத்திருக்காவிட்டால் ஃபிரான்டினஸின் அளவுகோல் மறைந்தே போயிருக்கும்.

ஃபிரான்டினஸுக்கு நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு, கான்ஸ்டான்டினோபிளில் பேரரசர் ஜஸ்டினியன் சட்டங்களையெல்லாம் தொகுக்கச் சொன்னார். 533-இல் சட்ட மாணவர்களுக்காக வெளியான பாடநூலில் ஒரு வாசகம் இடம்பெற்றது: காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை இயற்கையின் நியதிப்படி எல்லாருக்கும் பொது. நம் கதாநாயகன் பிறந்தது இங்கேதான். கவனியுங்கள், ‘அரசுக்குச் சொந்தம்’ என்று அதில் இல்லை; ‘எல்லாருக்கும் பொது’ என்றிருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் பின்னர் வந்த வழக்குகளும் சண்டைகளும் நடந்தன.

மேற்கே ஸ்பெயினில் சட்டப் புத்தகமே இல்லாமல் ஒரு நல்ல ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. வலென்சியா சமவெளியில் அரபு முஸ்லிம்களின் ஆட்சிக்காலத்தில் வளர்ந்த வாய்க்கால் முறை அது. 1238-இல் அரசர் முதலாம் ஜைமே நகரத்தைக் கைப்பற்றியபோது, தண்ணீர் பழைய முறைப்படியே ஓடட்டும் என்று விட்டுவிட்டார். அவர் செய்த பல காரியங்களில் இதுதான் நிலைத்தது என்பேன். எட்டு வாய்க்கால்களின் பிரதிநிதிகள் இன்றைக்கும் வியாழக்கிழமை தோறும் நண்பகலில், பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் கூடுகிறார்கள். எல்லாரும் விவசாயிகள். முறை மாறி மடை திறந்தவர், கழிவுநீரைப் பாய்ச்சியவர், வாய்க்காலைத் தூர்வாராதவர் மீது புகார் வரும். வாய்மொழியாக விசாரணை, அங்கேயே தீர்ப்பு. வழக்கறிஞர் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. 2009-இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. முறைத்தண்ணீருக்கு இரவில் மண்வெட்டியோடு காவல் இருந்த குடும்பங்களிலிருந்து வந்த எவருக்கும் அந்த வாசலில் நடப்பது உடனே விளங்கும்.

19-ஆம் நூற்றாண்டில் வலென்சியாவைப் பார்க்க ஆள்மேல் ஆளாக வந்தார்கள். அவர்களில் இருவர் நமக்குத் தெரிந்தவர்கள். பெருவிலிருந்து சிங்கோனாவைக் கொண்டுவந்து நீலகிரியில் நடக் காரணமான கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1867-இல் கிழக்கு ஸ்பெயினின் பாசனம் பற்றி இந்திய அலுவலகத்துக்காக அறிக்கை எழுதினார். வட இந்தியக் கால்வாய்களில் வேலை பார்த்த காலின் ஸ்காட் மான்கிரீஃப், விடுப்பில் தென் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்து 1868-இல் ஒரு நூலே வெளியிட்டார். மான்கிரீஃப் பிறகு எகிப்துக்குப் போய் நைல் தடுப்பணையைச் சீர்செய்தார். திரும்பி வந்து 1901-இல் இந்தியப் பாசன ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார். இவர்களின் பெட்டிகளில் அணை வரைபடங்களும் சட்ட வாசகங்களும் நாடு விட்டு நாடு போயின. விவசாயிகளே நீதிபதிகளாக அமரும் அந்த வியாழக்கிழமை வழக்கத்தை மட்டும் ஏற்றிச் செல்ல எவராலும் முடியவில்லை. இந்தக் கதை நெடுகிலும் என்னை வருத்துவது இதுதான்.

ஸ்பானியர்கள் மட்டும் தங்கள் வாய்க்கால் பழக்கத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். நியூ மெக்ஸிகோவின் கிராமங்களில் அஸெகியா எனப்படும் பொது வாய்க்கால்கள் ஊர்க் கட்டுப்பாட்டில் இன்னும் ஓடுகின்றன. 1781-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் என்ற சிற்றூர் உருவானபோதும் முதல் வேலை ஆற்றிலிருந்து ஊருக்கு ஒரு தாய் வாய்க்கால் வெட்டியதுதான். தண்ணீர் ஊருக்குப் பொது. பங்கிட்டு விட நம் ஊர் நீர்க்கட்டியைப் போல ஓர் ஆள். பிற்காலத்தில் அந்த நகரத்துக்கு நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த வில்லியம் முல்ஹாலண்ட் 1878-இல் வேலைக்குச் சேர்ந்தது வாய்க்கால் பராமரிக்கும் ஆளாகத்தான்.

லாஸ் ஏஞ்சல்ஸ் இருந்த கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. 1848-க்குப் பிறகு கலிபோர்னியா மலைகளுக்குள் புகுந்த கூட்டத்துக்கு மண்ணைக் கழுவத் தண்ணீர் வேண்டும். நிலம் அவர்களுடையது இல்லை, சட்டம் எதுவும் இல்லை, அரசு எட்டாத தூரம். முதலில் வாய்க்கால் வெட்டியவனுக்கே முதல் உரிமை என்று தாங்களே விதி செய்துகொண்டார்கள். 1855-இல் மாநில உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றது. இதற்கு முன்பே, 1850-இல், கலிபோர்னியா இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தைத் தன் சட்டமாக அறிவித்திருந்தது. அதன்படி ஆற்றங்கரையில் நிலம் வைத்திருப்பவருக்கே தண்ணீர். ஆக ஒரே மாநிலத்தில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு விதிகள்.

இந்த ‘இங்கிலாந்துச் சட்டம்’ பற்றி ஒரு வேடிக்கையான செய்தி உண்டு. கரையோர உரிமையை 1851-இல் லண்டன் நீதிமன்றம் உறுதி செய்தபோது மேற்கோள் காட்டியது ஸ்டோரி, கென்ட் என்ற இரு அமெரிக்கச் சட்ட அறிஞர்களை. அவர்களோ நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுச் சட்டத்திலிருந்து எடுத்தார்கள் என்று சான் ஃபிரான்ஸிஸ்கோ வழக்கறிஞர் சாமுவேல் வீல் 1919-இல் வாதிட்டார். வரலாற்றாசிரியர்கள் இன்னமும் அதில் முழுமையாக உடன்படவில்லை. ஆனால் தொன்மையான உள்ளூர் மரபு என்று மார்தட்டப்படும் எந்த நீர்ச் சட்டத்தையும் கொஞ்சம் சுரண்டினால், அடியில் வேறு நாட்டின் முத்திரை தெரிகிறது.

கலிபோர்னியாவின் இரண்டு விதிகளும் கெர்ன் ஆற்றில் மோதின. ஒரு பக்கம் ஹென்றி மில்லர், சார்லஸ் லக்ஸ் என்ற மாட்டுப் பண்ணை அதிபர்கள். கரையோர நிலம் அவர்களுடையது. மறுபக்கம் மேல்மடையில் தண்ணீரைத் திருப்பிய ஜேம்ஸ் ஹாகின். பல ஆண்டுகள் இழுத்து, 1886-இல் இருநூறு பக்கங்களுக்கு நெருக்கமான தீர்ப்பு வந்தது. இரண்டு விதிகளும் செல்லும் என்று அது சொன்னது. அதாவது, வழக்குகள் தொடரலாம்!

அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, 1885-இல், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்திலிருந்து 28 வயது அமைச்சர் ஒருவர் அங்கு வந்து இறங்கினார். பெயர் ஆல்ஃபிரட் டீக்கின். வறட்சியில் காய்ந்த தன் மாகாணத்துக்குப் பாசன முறையைத் தேடி, ஒரு பொறியாளரையும் செய்தித்தாள்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆரஞ்சுத் தோட்டங்கள் அவரைக் கவர்ந்தன, நீதிமன்றங்கள் அச்சுறுத்தின. ஆற்றை வழக்கறிஞர்களிடம் விட்டால் அது வயலுக்கு வராது என்று புரிந்துகொண்டு திரும்பினார். 1886-இல் அவர் கொண்டுவந்த பாசனச் சட்டம், ஆறு, ஓடை, ஏரிகளின் நீரைப் பயன்படுத்தவும் கட்டுப்படுத்தவுமான உரிமையை அரசிடம் ஒப்படைத்தது. கலிபோர்னியா வழக்கில் தீர்ப்பு வந்த அதே ஆண்டு. இந்த வாசகத்தை நியூ சவுத் வேல்ஸ் 1896-இல் பின்பற்றியது. அதற்கும் இரண்டாண்டு முன்பே கனடாவின் வடமேற்குப் பகுதிகளுக்கான பாசனச் சட்டம் இதை மாதிரியாக வைத்து எழுதப்பட்டிருந்தது.

டீக்கின் அமெரிக்காவிலிருந்து ஆட்களையும் வரவழைத்தார். கலிபோர்னியாவில் ஒன்டாரியோ என்ற தோட்ட நகரை நிறுவிய ஜார்ஜ், வில்லியம் சாஃபி சகோதரர்கள் பிறப்பால் கனடாக்காரர்கள். அவர்கள் முர்ரே ஆற்றங்கரையில் 1887-இல் மில்டூரா குடியிருப்பைத் தொடங்கினார்கள். பம்புகள் வந்தன, வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. ஆனால் வாய்க்கால் கசிந்தது, சந்தை தொலைவில் இருந்தது, வங்கிகள் சரிந்தன. 1895-இல் நிறுவனம் கலைப்புக்குப் போயிற்று. வில்லியம் மில்டூராவிலேயே தங்கி ஊரோடு ஒன்றிவிட்டார். ஜார்ஜ் அமெரிக்காவுக்குத் திரும்பி, கொலராடோ ஆற்றுத் தண்ணீரை ஒரு பாலைவனப் பள்ளத்தாக்குக்குத் திருப்பினார். ‘இம்பீரியல் பள்ளத்தாக்கு’ என்று அதற்குப் பெயர் சூட்டியவரும் அவரே. அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன் சென்னை மாகாணத்துக்கு வர வேண்டும்.

காவிரியின் தண்ணீர் கொள்ளிடம் பக்கம் சரிந்து தஞ்சாவூர் வறண்டபோது, 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் கீழணையையும் கட்டினார். ஆழம் காணாத மணலில் கட்டடம் நிற்க வைப்பது எப்படி என்பதைக் கல்லணையிடமிருந்து கற்றோம் என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். அந்தப் பாடத்தோடு கோதாவரிக்குப் போனார். 1852-இல் தவளேஸ்வரம் அணை முடிந்தது. அணைகளுக்குச் செலவழித்த அரசு, வரவைத் தேடியது. 1865-இல் வந்த சென்னைப் பாசனத் தீர்வைச் சட்டம், ‘அரசுக்குச் சொந்தமான, அல்லது அரசால் கட்டப்பட்ட’ ஆறு, ஓடை, வாய்க்கால், ஏரிகளிலிருந்து பாயும் நீருக்குத் தனித் தீர்வை விதிக்க அனுமதித்தது. எந்த ஆறு அரசுக்குச் சொந்தம் என்பது அதில் தெளிவாக இல்லை. ஜமீன்தார்களோடு அரைநூற்றாண்டு வழக்கு நடந்தது. 1873-இல் வட இந்தியக் கால்வாய்ச் சட்டம் இன்னும் துணிச்சலாகப் பேசியது: இயற்கையாக ஓடும் எல்லா ஆறுகளின் நீரையும் பொதுக் காரியங்களுக்காகப் பயன்படுத்தவும் கட்டுப்படுத்தவும் அரசுக்கு உரிமை உண்டு என்று முகவுரையிலேயே அறிவித்தது. டீக்கினுக்குப் பதின்மூன்று ஆண்டுகள் முந்தியது இது.

இங்கே ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும். மெல்போர்னில் அந்த வரி பிறந்தது ஓட்டுப் போட்ட விவசாயிகளின் நெருக்கடியால். இந்தியாவில் அது பிறந்தது ஆளப்பட்டவர்களைக் கேட்காமல், கருவூலத்தின் கணக்கிலிருந்து. வாசகம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் தூர்வாருவதும் மடை காப்பதும் ஊரின் வேலையாக இருந்த குடிமராமத்து, 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டத்தின் கீழ் வந்தபோது அதன் உயிரில் பாதி போய்விட்டது. 1890-இல் டீக்கின் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து ஏரிகளையும் அணைகளையும் பார்த்தார். மூன்றாண்டுகள் கழித்து அதை நூலாக வெளியிட்டார். பிறகு மூன்று முறை ஆஸ்திரேலியாவின் பிரதமரானார்.

இனி 1905. நீர்ச் சட்டத்தின் வாழ்க்கையில் இதைப்போல ஓர் ஆண்டு கிடையாது. சென்னையில் நில ஆக்கிரமிப்புச் சட்டம் வந்தது. ஆறு, ஓடை, ஏரி, குளம், வாய்க்கால், நிற்கும் நீர், ஓடும் நீர் யாவும், பிறர் உரிமை நிரூபிக்கப்பட்டாலொழிய, அரசின் சொத்து என்று எழுதியது. நம் தாலுகா அலுவலகங்கள் இன்றும் புறம்போக்கு ஆக்கிரமிப்புகளுக்கு அறிவிப்பு அனுப்புவது இந்தச் சட்டத்தின்படிதான். அதே ஆண்டு விக்டோரியா தன் பழைய சட்டத்தை இறுக்கி, ஆற்றுப் படுகைகளையும் அரசுடைமையாக்கி, மாகாணம் முழுவதற்கும் ஒரே நீர் ஆணையத்தை அமைத்தது. அதே ஆண்டுதான் இம்பீரியல் பள்ளத்தாக்கிலும் வினை விளைந்தது. வண்டல் அடைத்த வாய்க்காலுக்கு மாற்றாக, ஜார்ஜ் சாஃபி விலகிய பிறகு, அங்கே தண்ணீர் கொண்டுவந்த தனியார் நிறுவனம் மெக்ஸிகோ பக்கம் கரையில் மதகே இல்லாமல் ஒரு வெட்டு வெட்டியிருந்தது. வெள்ளம் வந்தது. கொலராடோ ஆறு முழுவதும் அந்த வெட்டு வழியாகத் திரும்பி, கடல்மட்டத்துக்குக் கீழே இருந்த பள்ளத்தில் கொட்டத் தொடங்கியது. ரயில் நிறுவனம் பாறைகளை வண்டி வண்டியாகக் கொட்டி 1907-இல்தான் அடைக்க முடிந்தது. அப்படி உண்டானதுதான் இன்றைய சால்டன் கடல். ஆற்றைத் தனியார் நிறுவனம் ஒன்றிடம் விட முடியாது என்று அமெரிக்கா கற்றது அங்கேதான். 1922-இன் கொலராடோ உடன்படிக்கையும், பிறகு ஹூவர் அணையும் அந்த உடைப்பிலிருந்து புறப்பட்டவை.

ஹூவர் அணையின் பின்னால் தேங்கி நிற்கும் நீர்ப்பரப்புக்கு மீட் ஏரி என்று பெயர். அந்த எல்வுட் மீட் இந்தக் கதையின் பெரிய பயணி. வயோமிங் மாநிலத்தின் முதல் நீர்ப் பொறியாளர். மாநிலத்தின் நீரெல்லாம் மாநிலத்துக்கே சொந்தம் என்று அரசியல் சட்டத்திலேயே எழுத வைத்தவர்; அனுமதிச் சீட்டு இல்லாமல் எவரும் எடுக்கக் கூடாது என்பதை 1890-இல் சட்டமாக்க வைத்தவர். டீக்கின் அமெரிக்காவுக்கு வந்து கற்ற பாடத்தை நடைமுறைப்படுத்த, 1907-இல் விக்டோரியா இந்த அமெரிக்கரையே நீர் ஆணையத்தின் தலைவராக அழைத்தது. எட்டாண்டுகள் இருந்தார். திரும்பியவர் கலிபோர்னியாவில் அரசுக் குடியேற்றங்களைத் தொடங்கினார்; அவற்றில் ஒன்றின் பெயர் டெல்லி! 1920-களில் யூத அமைப்புகளின் அழைப்பில் பாலஸ்தீனத்துக்குப் போய் ஆலோசனை சொன்னார். இஸ்ரேல் 1959-இல் நிறைவேற்றிய நீர்ச் சட்டம் எல்லா நீர்மூலங்களும் பொதுச் சொத்து என்றது. நிலம் ஒருவருக்குச் சொந்தமாக இருப்பதால் அதற்கடியில் இருக்கும் நீர் அவருக்குச் சொந்தமாகிவிடாது என்றும் சொன்னது. சட்டமாக இது மிகத் தெளிவானது. 1967-க்குப் பிறகு ராணுவ ஆணைகள் மூலம் மேற்குக் கரையின் நீரும் அதே கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, தன் நிலத்தில் கிணறு வெட்டப் பாலஸ்தீன விவசாயி ராணுவத்திடம் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. ‘பொது’ என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்பதை அந்த ஒற்றை வரி தானாகச் சொல்லிவிடாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று இல்லை.

அரசே உரிமையாளர் என்றால், ஓர் ஆற்றுக்கு இரண்டு அரசுகள் இருக்கும்போது என்ன செய்வது? 1895-இல் அமெரிக்காவின் தலைமை வழக்கறிஞர் ஜட்சன் ஹார்மன், தன் எல்லைக்குள் ஓடும் ரியோ கிராண்டே நீரை அமெரிக்கா விரும்பியபடி எடுக்கலாம், மெக்ஸிகோ கேட்க முடியாது என்று கருத்துரைத்தார். ஆனால் நடப்பு வேறாக இருந்தது. 1906-இல் மெக்ஸிகோவுக்கு ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு நீர் தர அமெரிக்கா உடன்பட்டது. அடுத்த ஆண்டு கான்ஸாஸ், கொலராடோ மாநிலங்களின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியாயப் பங்கீடு என்ற கோட்பாட்டை வகுத்தது. அந்தக் கோட்பாட்டை இந்தியாவுக்கு இறக்குமதி செய்தவர் பி.என். ராவ். சிந்துவும் பஞ்சாபும் மோதிக்கொண்டபோது 1942-இல் அவர் தலைமையிலான ஆணையம் தந்த அறிக்கையில் அமெரிக்கத் தீர்ப்புகள் வரிசையாக வந்து நின்றன. சில ஆண்டுகளில் அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகரானதும் இதே ராவ்தான். 2018 பிப்ரவரியில் காவிரித் தீர்ப்பு வந்தபோது, மாநிலங்களிடை ஆறு தேசத்தின் சொத்து, எந்த மாநிலமும் தனியுரிமை கோர முடியாது என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னதில் கான்ஸாஸின் குரல் கேட்கிறது.

அந்தத் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்குப் பிலிகுண்டுலுவில் வர வேண்டிய நீர் 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைந்தது. குறைந்த 14.75-இல் 10 டிஎம்சி எதற்காக? டெல்டாவின் நிலத்துக்கடியில் இருக்கும் நீரைக் கணக்கில் சேர்த்ததால். நம் சட்ட வரி போய்ச் சேராத இடம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இந்த நிலத்தடிதான்.

இங்கிலாந்தின் லங்காஷயரில் ஒரு பருத்தி ஆலையின் கிணறு வற்றியது. பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டியதுதான் காரணம். ஆலைக்காரர் வழக்குப் போட்டார். நிலத்தின் அடியில் இருப்பதெல்லாம் நிலக்காரருக்கே, அண்டைக் கிணறு வற்றினால் கேட்க முடியாது என்று 1843-இல் சொன்னார்கள் நீதிபதிகள். மண்ணுக்கடியில் நீர் எப்படி நகர்கிறது என்பதை அன்று யாரும் அளந்ததில்லை. பிரான்ஸின் டிஜோன் நகரில் ஹென்றி டார்சி மணல் நிரப்பிய குழாயில் நீரை ஓடவிட்டு அதன் விதியை வெளியிட்டது 1856-இல். பதின்மூன்று ஆண்டுகள் தாமதம். அதற்குள் அந்தத் தீர்ப்பு கப்பலேறிவிட்டது. டெக்ஸாஸ் 1904-இல் அதை ஏற்று இன்றுவரை அடிப்படையில் விடவில்லை. இந்தியாவில் 1882-இன் வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்துக்கடியில் குறிப்பிட்ட தடத்தில் ஓடாத நீரையெல்லாம் நிலக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் எடுத்துக்காட்டாகவே அச்சிட்டது. அந்தச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் ஒன்று சென்னை மாகாணம். கமலையும் ஏற்றமும் இருந்த காலத்தில் இதனால் பெரிய கேடு வரவில்லை. மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் வந்தபோது உலகிலேயே அதிக நிலத்தடி நீரை எடுக்கும் நாடாக இந்தியா ஆனது. தமிழ்நாடு 2003-இல் நிலத்தடி நீருக்கு ஒரு சட்டம் இயற்றி, நடைமுறைப்படுத்தாமலேயே 2013-இல் நீக்கிவிட்டது. என் தலைமுறைக்கு இது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

இதற்கிடையே ஜஸ்டினியனின் ‘எல்லாருக்கும் பொது’ வேறொரு வழியாக வந்துகொண்டிருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிராக்டன் தன் சட்ட நூலில் அதை அப்படியே எழுதிக்கொண்டார். 1821-இல் நியூ ஜெர்ஸியில் ராரிடன் ஆற்றில் ஒருவர் வளர்த்த சிப்பிகளை இன்னொருவர் அள்ளிக்கொண்டு போன வழக்கில், ஆற்றுப் படுகை மக்களுக்காக அரசு காக்கும் பொறுப்புச் சொத்து என்று நீதிமன்றம் சொன்னது. 1970-இல் ஜோசப் சாக்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் இதைத் தூசி தட்டி எடுத்து, சூழல் காக்கும் கருவியாக்கினார். 1983-இல் கலிபோர்னியாவின் மோனோ ஏரிக்காக அது வென்றது. தாய் வாய்க்காலில் தொடங்கிய அதே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம், ஏரிக்கு வரும் ஓடைகளைத் திருப்பியதால் நீர்மட்டம் ஏறத்தாழ 45 அடி இறங்கியிருந்தது. 1996-இல் இமாச்சலத்தின் பியாஸ் ஆற்றை ஒரு விடுதிக்காகத் திருப்பிய வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் ஜஸ்டினியனையும் சாக்ஸையும் மோனோ ஏரியையும் மேற்கோள் காட்டி, அரசு நீரின் உரிமையாளர் இல்லை, காப்பாளர் மட்டுமே என்று தீர்ப்பளித்தார். தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினரான அமைச்சர் காதர் அஸ்மால், 1998-இல் இதையே சட்டமாக்கினார். மனிதரின் அடிப்படைத் தேவைக்கும் ஆற்றின் உயிருக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு மீதியைத்தான் பங்கிட வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

ரோமாபுரியின் வரியும் லங்காஷயரின் வரியும் கடைசியில் நேருக்கு நேர் சந்தித்த இடம் கோயம்புத்தூரிலிருந்து அதிக தூரமில்லை. பாலக்காடு மாவட்டத்தின் பிளாச்சிமடையில் கொக்கோ கோலா ஆலை 2000-இல் தொடங்கியது. சுற்றியிருந்த கிணறுகள் கெட்டன என்று பழங்குடிப் பெண்கள் ஆலை வாசலில் அமர்ந்தார்கள். பெருமாட்டி பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீரும் மக்களுடையதே, அரசு அதன் காப்பாளர் என்று பியாஸ் தீர்ப்பை முன்வைத்துச் சொன்னார். 2005 ஏப்ரலில் இருவர் அமர்வு அதைத் திருப்பியது. நிலக்காரருக்குத் தன் நிலத்தடி நீரை எடுக்க உரிமை உண்டு, நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. வழக்கு டெல்லிக்குப் போனது. 2004-இலேயே நின்றுபோயிருந்த ஆலையைத் திரும்பத் திறக்கப் போவதில்லை என்று நிறுவனம் 2017-இல் சொன்னதும், உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. கிணற்றுக்கு அடியில் இருப்பது யாருடையது என்ற கேள்விக்கு அந்த வழக்கில் விடை எழுதப்படவில்லை.